நீலப் பென்சிலில் ஒரு கால்

மையக்கா யாரையும் அரைகுறையாக வரைய மாட்டாள். மேசைக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், வாசகன் கண்ணில் படப்போவது அவன் மார்புக்கு மேலே மட்டும்தான் என்றாலும், மேசைக்கு அடியில் இருக்கிற முழங்கால், செருப்பு, செருப்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும் கட்டைவிரல் எல்லாவற்றையும் முதலில் வெளிர் நீலப் பென்சிலால் போட்டுவிடுவாள். அதற்கு மேல்தான் மேசை வரும். கடைசியில், வெளியே தெரிகிற பாகத்துக்கு மட்டும் கறுப்பு மை.

"ஆள் முழுசா உக்காந்தாத்தான் தோள் ஒழுங்கா உக்காரும்" என்பாள்.

நீலக் கோடுகளை அழிக்க வேண்டியதில்லை. எங்கள் பத்திரிகை ஆபீஸ் இருட்டறையில் ஒரு பெரிய கேமரா இருந்தது. அட்டையில் வரைந்த படத்தை அது ஃபிலிமில் பிடிக்கும், அந்த ஃபிலிமிலிருந்து அச்சுக்குப் போகும். அந்தக் கேமராவுக்கு வெளிர் நீலம் தெரியாது. வெள்ளை என்றே எடுத்துக்கொள்ளும். படம் போடுகிறவர்கள் எல்லோரும் அதன் குருட்டுத்தனத்தை நம்பித்தான் பிழைப்பு நடத்தினார்கள்.

நான் அவளுக்கு எதிர் மேசை. பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்து எழுதுவது என் வேலை. படம் முடிந்த அட்டை என்னிடம் வரும், காலியாக இருக்கும் குமிழிகளில் வசனத்தை நிரப்பித் தருவேன். விரல்களில் எந்நேரமும் மை இருந்ததால் அவள் மையக்கா. நான் எழுத்தக்கா. இந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரிந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அப்போது எனக்கு அக்கா ஆகிற அவசரம் எதுவும் இல்லை.

எல்லையில் சண்டை வருவதற்கு முன்னால் மையக்கா கடைசிப் பக்கத்தில் கணவன் மனைவி சிரிப்புத் தொடர் ஒன்று போட்டுவந்தாள். தினமும் மூன்று கட்டம். அவன் குடையைத் தொலைப்பான், அவள் கண்டுபிடிப்பாள், குடைக்குள் பூனை தூங்கும். ஊரே அதைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்குப் போகும்.

சண்டை வந்ததும் அவள் தம்பி பட்டாளத்துக்குப் போனான். ஒரே தம்பி, அப்பா அம்மா போன பிறகு அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தான். அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த வாரமே ஆசிரியர் மையக்காவைக் கூப்பிட்டார். எங்கள் ஆசிரியர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சபித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். மனசார நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் ரகம்.

"காயம்பட்ட சிப்பாய் ஒருத்தனைப் பத்தி தொடர் போடுங்கம்மா. கொஞ்சம் கொஞ்சமா தேறி வரணும். படிக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும். உங்களுக்குத் தெரியாததா, வீட்லயே ஒருத்தர் இருக்காரே."

மையக்கா தலையை ஆட்டினாள். ரத்தம் கூடாது. அழுகை கூடாது. கட்டுத்துணி எப்போதும் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் அவன் எதிலாவது ஜெயிக்க வேண்டும். தொடருக்கு 'ஏழாம் படுக்கை' என்று தலைப்பு. சிப்பாய்க்குப் பெயர் கிடையாது, வார்டில் எல்லோரும் அவனை ஏழு என்று கூப்பிடுவார்கள்.

ஏழு பிரமாதமாகத் தேறினான். எழுந்து உட்கார்ந்தான், ஊன்றுகோல் பிடித்தான், நர்ஸைக் கிண்டல் செய்தான், பொய்க்காலை மாட்டிக்கொண்டு ஜன்னல் வரை போனான். வசனம் எல்லாம் ஆசிரியருடையது. 'நாளை இன்னும் நன்றாக இருக்கும்!' என்று எழுதி எழுதி என் பேனா முனை தேய்ந்தது. ஒருநாள் வசனத் தாளில், 'இனி நான் சொந்தக் காலில் நிற்பேன்!' என்று வந்தது. அதை மையக்காவிடம் நீட்டினேன்.

படித்துவிட்டு, "எழுதும்மா. எந்தக் காலுன்னு மட்டும் போட்டுடாத" என்றாள்.

இரண்டு பேரும் கண்ணில் நீர் வர சிரித்தோம். சிரித்து முடித்து அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு என்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் இருந்தவன் தேறவில்லை.

மையக்கா வீட்டிலிருந்தே வரைந்த ஒரு நாள், ஆசிரியர் அவசரமாக ஓர் அட்டை வாங்கிவரச் சொன்னதால்தான் முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த வீடு, முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. தம்பி பின்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வணக்கம் சொல்லி, அலமாரியில் இருந்த அட்டையை எடுக்க அவனைத் தாண்டி ஓர் அடி வைத்தேன்.

"மிதிக்காதீங்க!"

அலறல் என்றுதான் சொல்ல வேண்டும். நான் துள்ளி விலகினேன். குனிந்து பார்த்தால் வெறும் தரை. மடித்துக் குத்திய கால்சட்டை, அதற்குக் கீழே சிமெண்டுத் தரை. அவன் நாற்காலியின் கையைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல், "மன்னிச்சுக்குங்க" என்றான். மையக்கா உள்ளே வந்தாள். நான் நின்ற அதே இடத்துக்கு வந்ததும், அந்த வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு போய் அட்டையை எடுத்துத் தந்தாள். எத்தனையோ நாளாகச் சுற்றிப் போய்ப் பழகிய நடை அது.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தவள் வழியில் சொன்னாள். போன கால் போகவில்லையாம். அப்படியே இருக்கிறதாம், விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கி, யாரோ முறுக்கிப் பிடித்த மாதிரி. அதைப் பிரிக்க முடியாமல் அவனுக்கு உயிர் போகிறது. டாக்டரிடம் சொன்னபோது அவர், "இல்லாத இடத்துல எப்படிப்பா வலிக்கும்? எல்லாம் மனசு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை இதையே சொன்னால் வேறு வார்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றாராம். எந்த வார்டு என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்றோடு வாயை மூடிக்கொண்டவன் அக்காவிடம் மட்டும்தான் பேசினான். பொய்க்காலைத் தொடவில்லை. "உள்ள ஏற்கெனவே ஒரு கால் இருக்கே, இதை எங்க மாட்ட?" என்று கேட்டானாம்.

பக்கத்து வீட்டுக்காரி வேறு தினமும் காலையில் பேப்பரோடு வாசலில் நின்றுகொண்டு, "உங்க ஏழு மாடி ஏறிட்டானே, தம்பி இன்னும் எந்திரிக்கலையா?" என்று விசாரிப்பாள். தம்பிக்கு அது கேட்கும். முந்தின வாரம் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்குப் பைத்தியம்தான்க்கா. என்னைக் கொண்டுபோய் விட்டுடு" என்றிருக்கிறான்.

"அவன் என்னை விட்டுப் போயிடுவானோன்னு பயமா இருக்குடி" என்றாள் மையக்கா. பஸ் நிறுத்தத்தில் நான்கு பேர் நிற்கும்போது சொன்னாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

அன்று வாங்கிவந்த அட்டையில்தான் நான் கவனித்தேன். கட்டிலில் ஏழு உட்கார்ந்திருக்கிறான். முழங்காலோடு கறுப்பு மை நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே நீலத்தில் முழுக் கால். அவள் எப்போதும் போடுவதுதான். ஆனால் இந்தப் பாதத்தின் விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன, நரம்பு புடைத்திருந்தது, குதிகால் தரையைத் தொடாமல் நின்றது. குமிழியில் நான் எழுதவேண்டிய வசனம்: 'இன்று வலியே இல்லை!' எழுதினேன். எழுதும்போது முழங்கை அந்தக் கால்மேல் படாமல் பார்த்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் பழைய கேமரா கண்ணை மூடியது. இருட்டறையைக் காலி செய்துவிட்டு ஸ்கேனர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆசிரியர் அதைப் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு புள்ளியைக்கூட விடாது என்றார். அந்தப் பெருமைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, மையக்காவுக்கும்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் கடைசிப் பக்கத்தை விரித்தார். மூன்று கட்டங்களிலும் ஏழு இருந்தான். மூன்றிலும் அவனுடைய இடது முழங்காலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் விளிம்பில் விரல்களை முறுக்கிக்கொண்டு இருந்தது. ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் தரையைத் தொடாமல் நடந்தது. கடைசிக் கட்டத்தில், 'இன்று காற்று எவ்வளவு இனிமை!' என்ற என் அழகான எழுத்துக்குக் கீழே, பொய்க்காலுக்குள் இன்னொரு கால் நெருக்கிக்கொண்டு துடித்தது. பஸ்ஸில் இருந்தவர் பேப்பரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பிறகு மடித்து வைத்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

ஆபீஸில் ஆசிரியர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தார். "பேய்க்கால்! கடைசிப் பக்கத்துல பேய்க்கால்! குழந்தைங்க படிக்கிற பக்கம்மா அது!" மையக்கா அவர் கையிலிருந்த பேப்பரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். தொலைபேசி அடித்தது. திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஆசிரியர், "நீங்களே வாங்கிக் கட்டிக்குங்க" என்று அவளிடம் நீட்டினார்.

நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ், அவசரமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரை வேறு யாருடைய காதிலோ வைத்தாள். ஒரு ஆண் குரல்.

"படம் போடுறவங்களா?"

"ஆமாங்க."

"எனக்கு வலது கை இல்லைங்க. ஆனா மூடியே இருக்கு. உள்ளங்கையில நகம் குத்துது. நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

மையக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரலே மறுபடி கேட்டது.

"நாளைக்கு அந்தக் கால் விரலை விரிச்சு வரைவீங்களா? இங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

"வரையறேன்" என்றாள்.

"வரையறீங்களா? என்னத்தை வரையறீங்க?" என்றார் ஆசிரியர். நாளைக்குத் திருத்தம் போடப்போவதாகச் சொன்னார். மையக்கா அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள், அதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், மை சிந்திவிட்டது என்று சொல்லுங்கள், கால் இல்லை என்று மட்டும் போடாதீர்கள் என்றாள். "இல்லாத காலை இருக்குன்னு போட்டா பத்திரிகை பேர் என்னத்துக்கு ஆகும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இருவரும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரி வீட்டுக்கு ஓடினோம். தம்பி முன்னறையில் இருந்தான். நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஜன்னல் திறந்திருந்தது. மடியில் பேப்பர்.

"அக்கா, இதை எப்ப வரைஞ்ச?"

"எப்பவும்தான்டா. முதல் நாள்லேர்ந்து. எல்லாப் படத்துலயும் இருக்கு, அச்சுல வராது, அவ்வளவுதான்."

பின்னறை அலமாரியிலிருந்து பழைய அட்டைகளை எடுத்துப் போட்டாள். அவன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மை தீட்டிய ஏழு சிரித்துக்கொண்டிருந்தான். நீலக் கால் ஆரம்பத்தில் சாதுவாக இருந்தது, பிறகு விரல்கள் மடங்கத் தொடங்கின. எந்தெந்த நாள் தாங்க முடியாமல் இருந்தது என்று அவன் அட்டையைப் பார்த்தே சொன்னான்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லை."

"இருந்தா ரெண்டு பேருக்கும்தான்" என்றாள் மையக்கா. அவன் அழுதான். அழுதுகொண்டே, பசிக்கிறது என்றான்.

மறுநாள் பேப்பரை ஒளித்து வைக்கலாம் என்றுதான் விடிந்ததும் விடியாததுமாக நான் அங்கே போனேன். பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டுவிட்டாள். தம்பி அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"'நேற்று வெளியான ஏழாம் படுக்கையில் சிப்பாய்க்கு இரண்டு கால்கள் இருப்பதுபோல் தெரிந்தது தவறு. இடது கால் இல்லை. வருந்துகிறோம்.'"

சிரிக்கத்தான் பார்த்தான். பாதியிலேயே முகம் கோணியது, கை நாற்காலியைப் பற்றியது. "பேப்பர்லயே போட்டுட்டாங்கக்கா. இல்லையாம்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. நேற்றுத் திறந்த மனிதன் என் கண்ணெதிரே திரும்ப மூடிக்கொண்டிருந்தான்.

மையக்காவுக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன். பேப்பரைப் பிடுங்கி எறிந்தாள். இருப்பதில் பெரிய அட்டையை உருவி, அவன் நாற்காலிக்கு முன்னால் தரையில் போட்டாள், நாங்கள் சுற்றிக்கொண்டு போகிற அதே இடத்தில். மண்டியிட்டு, காதிலிருந்த நீலப் பென்சிலை எடுத்தாள்.

"சொல்லு. குதிகால் எங்க இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

நிஜ அளவில் ஒரு பாதம் அட்டையில் வந்தது. விரல்கள் எப்படி மடங்கியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அப்படியே போட்டாள். பார்க்கவே வலித்தது. பிறகு ரப்பரை எடுத்துக் கட்டைவிரலை மட்டும் அழித்துவிட்டு, கொஞ்சம் நிமிர்த்தி வரைந்தாள். "இதைப் பாரு. என்னைப் பாக்காத, இதைப் பாரு." அழித்தாள், இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள். தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். அவன் வலது கால் விரல்களும் தரையில் மெல்ல விரிந்ததை நான் பார்த்தேன்.

"வருது" என்றான். "அக்கா, வருது."

அடுத்த விரல். அதற்கடுத்தது. அட்டை ரப்பர் தூளால் நிரம்பியது. அவன் தோள் இறங்கியது, நெற்றிச் சுருக்கம் போனது. சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. நான்கு தடவை அழித்து வரைந்தாள், அது உள்ளேயே மடங்கிக் கிடந்தது. "போதும்க்கா, இது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். வெயில் அவன் முகத்தில் விழுந்தது. மையக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள், அட்டையைச் சுற்றிக்கொண்டு.

அதன் பிறகு ஸ்கேனருக்கு நீலத்தைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஏழு ஆஸ்பத்திரியை விட்டுச் சிரித்துக்கொண்டே வெளியேறினான், வாசகர்களுக்கு ரொம்பத் திருப்தி. மையக்கா மட்டும் பார்வையாளர் நேரங்களில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், பென்சிலும் அட்டைக் கட்டுமாக. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி வச்சிருக்கு?" என்று கேட்பாள். வலது கை இல்லாதவருடைய முஷ்டியை ஒவ்வொரு விரலாகத் திறந்தாள். எல்லோருக்கும் பலிக்கவில்லை. ஒருவர் அட்டையைக் கிழித்து அவள் முகத்தில் எறிந்தார். அதற்குப் பிறகும் அவள் அடுத்த வாரம் போனாள். அங்கே என்ன பார்த்தாள் என்று ஆபீஸில் சொல்ல மாட்டாள். ஆனால் கூட்டமான பஸ்ஸில் ஏறும்போது, வெறும் இடத்துக்கெல்லாம் வழிவிட்டு ஒதுங்குவாள்.

தம்பி பொய்க்காலை மாட்டிக்கொண்டான். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் வேலை கிடைத்தது, நன்றாகவே வாழ்ந்தான். அவ்வப்போது மதிய இடைவேளையில் ஆபீஸுக்கு வந்து மையக்கா மேசைப் பக்கத்தில் நிற்பான். "அக்கா, சுண்டுவிரல்." அவள் கையில் இருப்பதை வைத்துவிட்டு நீலப் பென்சிலை எடுப்பாள். இரண்டு பேருக்கும் தலை நரைக்கும்வரை இது நடந்தது. அந்த விரல் மட்டும் மசியவே இல்லை.

போன வருஷம் ஒரு காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். பொய்க்காலைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வெள்ளைத் துணியை இடது பக்கம் முழங்காலோடு இழுத்து நன்றாக உள்ளே செருகியிருந்தார்கள். பார்க்கச் சீராகத்தான் இருந்தது. வலது கை இல்லாதவர் வந்திருந்தார். கிழவராகிவிட்ட ஆசிரியரும் வந்திருந்தார். மையக்கா பின்னறையிலிருந்து வந்தாள், அழுது முடித்த முகம். துணியைப் பார்த்தாள். செருகியதை உருவித் தரையோடு நீளமாக விரித்து, சுருக்கம் போகக் கையால் தடவினாள். பிறகு மண்டியிட்டாள்.

நீலப் பென்சிலால் முழங்காலிலிருந்து வரைய ஆரம்பித்தாள். கெண்டைக்கால், கணுக்கால், குதிகால். கூட்டத்தில் யாரோ, "ஐயோ, மூளை கலங்கிடுச்சு" என்று முணுமுணுத்தார்கள். ஆசிரியர் என்னைப் பார்த்தார், நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வலது கை இல்லாதவர் கால்மாட்டில் நின்றவர்களை, "தள்ளி நில்லுங்க, மிதிக்காதீங்க" என்று விலக்கினார். வெள்ளைத் துணியில் வெளிர் நீலம், பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். கட்டைவிரல் விரிந்து வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, நாலாவது.

சுண்டுவிரலுக்கு வந்ததும் பென்சில் நின்றது. அவன் ஏதாவது சொல்வான் என்பதுபோல் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், வெகுநேரம். பிறகு குனிந்து அதையும் விரித்து வரைந்தாள், ஒரே கோட்டில், அழிக்காமல்.

எழுந்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "தூக்கலாம்" என்றாள்.